மதுரையில் கார் கடன்: பேங்க்கா, ஷோரூமா, ஃபைனான்ஸா, நகையா?

கார் கடன் என்றதும் எல்லாரும் கேட்பது "வட்டி எவ்வளவு?" என்றுதான். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: ஒரு மாதம் டியூ கட்ட முடியாமல் போனால் இந்த இடத்தில் என்ன நடக்கும்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், கார் எடுத்தபோது கூடவே அலைந்தவன் நான். அப்போது இந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

முதலில் போனது ஓர் அரசு வங்கிக் கிளை. வட்டி பெரும்பாலும் இங்கேதான் குறைவு. பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையும். சொந்த உபயோகத்துக்கு மிதக்கும் வட்டியில், அதாவது நடுவில் ஏறி இறங்கும் வட்டியில், வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சம்பளக்காரர் என்றால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (வேலை செய்யும் இடத்தில் தரும் வரிப் பிடித்தச் சான்று), வங்கி ஸ்டேட்மென்ட் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தொழில் செய்பவரிடம் இரண்டு வருஷ வருமான வரித் தாக்கல் கேட்பார்கள். மச்சான் நின்றது அங்கேதான். பூ வியாபாரம் முழுக்க ரொக்கம். விடியற்காலையில் கைமாறும் பணத்துக்குச் சாட்சி ஒரு நோட்டும் பேனாவும்தான். "ரெண்டு வருஷம் ரிட்டர்ன் போட்டுட்டு வாங்க, நானே செய்து தர்றேன்" என்றார் மேனேஜர். அன்றைக்கு அது எங்கள் காதில் 'இல்லை' என்றுதான் விழுந்தது. அந்த அலைச்சலில் கிடைத்த உருப்படியான ஆலோசனை அதுதான் என்று இப்போது சொல்வேன்.

அடுத்தது பைபாஸ் ரோட்டில் ஒரு ஷோரூம். உள்ளேயே தனியார் வங்கிகளின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். காகிதம் சரியாக இருந்தால் ஓரிரு நாளில் சாங்ஷன். வேகம் பிடித்திருந்தது, ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, உங்கள் பான் நம்பரை வாங்கி ஒரே நாளில் நாலு வங்கிக்குத் தட்டிவிடுவார்கள். ஒவ்வொரு வங்கியும் சிபில், அதாவது உங்கள் கடன் வரலாறு, பார்ப்பது உங்கள் பெயரில் பதிவாகும், ஸ்கோரும் கொஞ்சம் இறங்கும். 300 முதல் 900 வரை போகும் அந்த ஸ்கோரில் 750க்கு மேல் இருந்தால் பேரம் பேசலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வீட்டிலிருந்தே எடுத்துப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

இரண்டாவது, ஏழு வருஷத் தவணை. "டியூ பத்தாயிரத்துக்குள்ளதான் சார்" என்பார்கள். 6 லட்சம் கடன், 9% வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் என்றால் மாதம் 12,455 ரூபாய், ஏழு வருஷம் என்றால் 9,653. மாதம் 2,800 மிச்சம்போலத் தெரியும், மொத்த வட்டியில் சுமார் 63,500 ரூபாய் கூடுதலாகப் போகும். அதைவிட முக்கியம், ஐந்து வருஷம் முடிந்த பிறகும் 2 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். காருக்கு வயதாகி விலை இறங்கியிருக்கும், கடன் அந்த வேகத்தில் இறங்கியிருக்காது. நடுவில் கஷ்டம் வந்து வண்டியை விற்று அடைக்க நினைத்தால் கைக்காசைப் போட வேண்டி வரலாம்.

மூன்றாவதாகப் போனது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. கடன் கிடைத்ததும் இங்கேதான். ஆறு மாத ஸ்டேட்மென்ட், கடையை நேரில் வந்து பார்த்தது, ஒரு ஷ்யூரிட்டி (ஜாமீன்), மூன்றே நாளில் முடிந்தது. வருமானத்துக்குக் காகிதம் காட்ட முடியாதவர்களை நம்பிப் பணம் போடுவதுதான் இந்தத் தொழிலின் பலம். 1954-ல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் போன்றவை பஸ், லாரிக்காரர்களுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தவை. அதனால் ஃபைனான்ஸ் என்றாலே ஒதுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கே வட்டியைச் சொன்ன விதத்தைப் பாருங்கள். "முக்கால் ரூபா வட்டிதான் அண்ணே" என்றார் அந்த ஆள். மார்க்கெட்டில் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வட்டி கேட்டுப் பழகிய மச்சான் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. நூற்றுக்கு மாதம் 75 பைசா என்றால் வருஷத்துக்கு 9%. வங்கி சொல்லும் 9%தானே? இல்லை. இது ஃபிளாட் வட்டி. பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டி ஓடும். அதே 6 லட்சம், ஐந்து வருஷத்துக்கு வட்டி மட்டும் 2,70,000, மாத டியூ 14,500. வங்கிக் கணக்கில் சொன்னால் இது 15 சதவீதத்துக்கும் மேல். 2024 அக்டோபர் முதல், வங்கியோ ஃபைனான்ஸோ, தனிநபர்களுக்குத் தரும் கடனுக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்த உண்மையான வருட வட்டியைப் போட்ட ஒரு விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்னால் தர வேண்டும். அதைத் தாருங்கள் என்று வாய் திறந்து கேளுங்கள். பைசாவையும் சதவீதத்தையும் ஒரே தராசில் வைக்க வேறு வழி கிடையாது.

நகைக்கடன் நாலாவது. ஆர்.சி. புக்கில் அடமானப் பதிவு கிடையாது, வண்டியை நினைத்த நேரத்தில் விற்கலாம், மாத டியூ இல்லாமல் வருஷக் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் வசதியும் உண்டு. 5 லட்சத்துக்கு மேல் என்றால் நகை மதிப்பில் 75% வரைதான் கிடைக்கும். அக்கா வளையலைக் கழற்றித் தரத் தயாராக இருந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். காரின் விலை வருஷா வருஷம் இறங்கும். அதற்காகப் பெண்பிள்ளை வைத்திருக்கிற வீட்டில் நகையை ஏலம் வரை கொண்டுபோகலாமா? முன்பணத்தில் குறையும் ஒரு லட்சத்துக்கோ, இரண்டு மாத டியூ தட்டும்போதோ நகை கைகொடுக்கும், அவ்வளவுதான்.

இனி அந்தக் கெட்ட மாதம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, பனியில் மல்லிகை வரத்தும் குறையும், சில்லறைக்கு எடுத்தவர்களிடம் நின்ற பாக்கியும் வரவில்லை. ஐந்தாம் தேதி காலையில் மச்சான் போனில் இரண்டு மெசேஜ். டியூ பவுன்ஸ் ஆனதற்கு வங்கி ஒரு கட்டணம் போட்டிருந்தது, ஃபைனான்ஸ் இன்னொன்று. இரண்டிலும் ஜி.எஸ்.டி. அடுத்த வாரம் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு வசூல் ஆள் கடைக்கே வந்துவிட்டார். விவசாயிகள் பூ மூட்டையை இறக்கிக்கொண்டிருக்க, தராசு பக்கத்தில் நின்று சத்தமாகக் கேட்டார். மச்சான் பதில் சொல்லாமல் நிறுத்துக்கொண்டே இருந்தார். கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

காலை எட்டுக்கு முன்னாலும் இரவு ஏழுக்குப் பிறகும் வசூலுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது, மிரட்டவோ பொது இடத்தில் அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் கிளைக்குப் போய், நிலைமையை எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கினோம். பாதி டியூவை அங்கேயே கட்டி, டியூ தேதியை இருபதுக்கு மாற்றித் தரக் கேட்டோம். மாற்றித் தந்தார்கள். நாங்களே முதல் வாரத்தில் போயிருந்தால் கடை வாசலில் அந்தக் காட்சியே இருந்திருக்காது.

இந்த விஷயத்தில் நாலு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை என் அனுபவத்தில் சொல்கிறேன். அரசு வங்கியில் ஆள் வருவது தாமதமாகும், தவணைக்காலத்தை நீட்டித் தரக் கேட்டால் மனு மேலே போய்த் திரும்ப நாளாகும். தனியார் வங்கியில் பேசுவது பெரும்பாலும் கால் சென்டரோடுதான், முடிவெடுப்பவரைப் பிடிப்பதே பெரும்பாடு. ஃபைனான்ஸில் ஆள் சீக்கிரம் வருவார், ஆனால் கிளை மேனேஜர் எதிரே உட்கார்ந்து பேசி முடிக்கலாம். நகைக்கடனில் யாரும் தேடி வர மாட்டார்கள், ஏல நோட்டீஸ்தான் வரும்.

எங்கே வாங்கினாலும் 90 நாள் கணக்கு ஒன்றுதான். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வாராக்கடன். அதற்கு முன்பே சிபிலில் ஏறும், ஷ்யூரிட்டி போட்டவர் பெயரிலும் ஏறும். 2024 ஏப்ரல் முதல் தந்த கடன்களில் அபராதத்தைக் கட்டணமாக மட்டும்தான் போடலாம், அதன் மேல் வட்டி ஏற்றக் கூடாது. வண்டியை அடியாள் வைத்துத் தூக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. எத்தனை நாள் நோட்டீஸ், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரியான ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், 14448-ல் விவரம் கேட்கலாம், கட்டணம் இல்லை.

வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. தீராது. ஏலத்தில் போகும் விலை போக மீதிக்கு நீங்கள்தான் பொறுப்பு. இனி முடியாது என்று தெரிந்தால் கம்பெனியிடம் சொல்லிவிட்டு நீங்களே ஆள் பார்த்து விற்பது மேல். 'செட்டில்மென்ட்' என்று குறைத்துக் கட்டினால் சிபிலில் 'செட்டில்டு' என்றே நிற்கும், அடுத்த கடனுக்கு அது தடை.

சரி, யாருக்கு எது? மாதச் சம்பளம் என்றால் யோசிக்காமல் அரசு வங்கி, ஐந்து வருஷம். காகிதம் இல்லாத வியாபாரி இரண்டு வருஷம் பொறுக்க முடிந்தால் ரிட்டர்ன் போட்டுவிட்டு அங்கேயே போகட்டும். பொறுக்க முடியாது என்றால் ஃபைனான்ஸ், ஆனால் மூன்று வருஷத்துக்குள், முகூர்த்த மாதமோ அறுவடை மாதமோ பார்த்து டியூ தேதியை முதலிலேயே பேசிக்கொண்டு.

மச்சான் போன வைகாசியில் கடனை முடித்தார். கடன் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி.யும் அடமானத்தை நீக்கும் ஃபார்ம் 35-ம் கைக்கு வந்த வாரமே ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருந்த அடமானப் பதிவை, கேன்சல் செய்தோம், இன்சூரன்ஸிலும் கம்பெனி பெயரை எடுத்தோம். புது ஆர்.சி. வந்த அன்று சாயங்காலம் அக்காவையும் ஏற்றிக்கொண்டு பாண்டி கோயிலுக்குப் போய் வண்டிக்கு மாலை போட்டுவிட்டு வந்தார். மாலை அவர் கடைப் பூவில் கட்டியதுதான்.