கலர் கல் வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணை உடைச்சுப் பாருங்க

மீன் தொட்டிக்கு மலிவா கல்லு தேடிட்டு இருக்கவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. நான் ஏமாந்து 9 மீனைப் பறிகொடுத்துட்டேன், இன்னும் மனசு ஆறல.

என்னோடது 60க்கு 30 சென்டிமீட்டர் தொட்டி. ரெண்டு வருஷமா ஒரு பிரச்சனையும் இல்லாம ஓடிட்டிருந்துச்சு, 12 நியான் டெட்ரா, 4 கோரி (அடியில மேயுற சின்னக் கெளுத்தி மீன்). அடியில இருந்த கல்லு பாசி ஏறி கறுத்துப்போச்சேன்னு புதுசா மாத்தலாம்னு ஒரு கடைக்குப் போனேன். அங்க இருந்தவர் சிவப்பு கலர் கல்லு ஒரு மூட்டையைக் காட்டி, "தம்பி இது நாங்களே கழுவி வச்சது, அப்படியே கொட்டிடலாம், பழசை மொத்தமா அள்ளி வெளிய போட்டுருங்க, அதுலதான் எல்லா நோயும் இருக்கும்"னாரு. 20 கிலோ வேணும்னு சொல்லி தலையில கட்டினாரு. நானும் நம்பி வாங்கிட்டு வந்துட்டேன்.

கழுவின கல்லுன்னாங்க, சந்தேகத்துக்கு ஒரு கைப்பிடி பக்கெட்ல போட்டு அலசினேன், தண்ணி ரோஸ் கலர்ல வந்துச்சு. அஞ்சாறு தடவை அலசினதும் நின்னுடுச்சு, சரி தூசிதான் போலன்னு மூட்டையையும் அப்படியே அலசி தொட்டில கொட்டினேன். அந்த ரோஸ் தண்ணியைப் பார்த்ததுமே நிறுத்தியிருக்கணும்.

மூணாம் நாள் காலைல பார்த்தா டெட்ரா எல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறந்துட்டு நிக்குது, அந்த நீலக்கோடு மங்கிப்போய் சாம்பல் மாதிரி ஆயிடுச்சு. டெஸ்ட் கிட் போட்டுப் பார்த்தா எப்பவும் 7 காட்டுற பிஎச் (தண்ணியோட அமில, காரத்தன்மை அளவு) 8க்கு மேல, மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியாவும் ஏறியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள 8 டெட்ரா போயிடுச்சு, ஒரு கோரியும்.

கடைக்காரர் கிட்ட போய்ச் சொன்னா, "உங்க தண்ணி சரியில்ல தம்பி, கல்லுல என்ன இருக்கு, மூட்டை பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்"னுட்டாரு. வீட்டுக்கு வந்து ஒரு கல்லு மேல வினிகர் விட்டேன், ஒண்ணும் ஆகல. ஒருவேளை நம்ம மேலதான் தப்போன்னு நினைச்சேன். அப்புறம் நகத்தால சுரண்டினா சிவப்பு தோல் மாதிரி உரிஞ்சு உள்ள வெள்ளையா தெரிஞ்சுது. சுத்தியலால தட்டி உடைச்சு, அந்த வெள்ளைப் பக்கத்துல ரெண்டு சொட்டு விட்டதும் பொடிப்பொடியா நுரை கிளம்புச்சு பாருங்க, அப்பதான் புரிஞ்சுது. மார்பிள் துண்டை உடைச்சு பெயிண்ட் அடிச்சு மீன் தொட்டிக் கல்லுன்னு வித்திருக்காங்க. மார்பிள், சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல் எல்லாமே கால்சியம் கார்பனேட், வினிகர் பட்டா நுரைக்கும், தண்ணில மெல்லக் கரைஞ்சு கடினத்தன்மையையும் பிஎச்சையும் ஏத்தும். ஆப்பிரிக்க ஏரி சிச்லிட் மீனுக்கு அது ஒத்துக்கும், டெட்ராவுக்கு ஆகாது.

இன்னொரு பாவம் அந்த "பழசை மொத்தமா அள்ளிப் போடு"ங்கற பேச்சு. அம்மோனியாவை விஷம் கம்மியான பொருளா மாத்துற பாக்டீரியா நிறைய அந்தக் கல்லு மேலயும் ஒட்டிக்கிட்டு வாழும். அதை ஒரே நாள்ல தூக்கி எறிஞ்சா அம்மோனியா தேங்கும், அந்த நேரம் பார்த்து பிஎச்சும் 7ல இருந்து 8க்குப் போனா அம்மோனியாவுல விஷமா இருக்கற பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஆயிடும். ரெண்டும் சேர்ந்துதான் என் மீனைக் கொன்னுச்சு. கல்லு மாத்தணும்னா மூணு நாலு வாரத்துக்குப் பிரிச்சு, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.

விலை கம்மியா வேணும்னா கலரே வேணாம். சாதாரண குவார்ட்ஸ் கூழாங்கல், 3ல இருந்து 5 மில்லிமீட்டர், ஓரம் மழுங்கினது போதும். கோரி வச்சிருந்தா மணல்தான் நல்லது, கூரான கல்லுல அதோட மீசை தேஞ்சு போயிடும். நீச்சல்குள ஃபில்டர்ல போடுற சிலிக்கா மணல் மலிவு, தூசியும் கம்மி. கடல் மணல் மட்டும் வேணவே வேணாம், உப்பும் கிளிஞ்சலும் கலந்திருக்கும். எதை வாங்கினாலும் ஒண்ணை உடைச்சு வினிகர் விட்டுப் பாருங்க, சில கல்லுல நுரை கண்ணுக்குத் தெரியாது, அதனால ஒரு கைப்பிடியை உங்க வீட்டுத் தண்ணில ஒரு வாரம் ஊறப்போட்டு முன்னும் பின்னும் பிஎச் பாருங்க.

எவ்ளோ வேணும்ங்கறதுக்கு தொட்டியோட நீளம், அகலம், கல்லு போடற ஆழம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 1000ஆல வகுத்தா லிட்டர் கணக்கு வரும், லிட்டருக்கு சுமார் ஒன்றரை கிலோ. என் தொட்டிக்கு 5 சென்டிமீட்டர் போட 9 லிட்டர், அதாவது 13, 14 கிலோதான், 20 கிலோ எதுக்கு? கழுவும்போது பக்கெட்ல கால்வாசிக்கு மேல போடாதீங்க, கையை விட்டு நல்லா கிளறி கலங்கல் தண்ணியை ஊத்திட்டே இருங்க, தெளியற வரைக்கும், மணலா இருந்தா 15 தடவை கூட ஆகும். சோப்பு வேணாம். தண்ணி நிரப்பும்போது ஒரு தட்டு வச்சு அது மேல ஊத்துங்க.

மிச்சமிருந்த 4 டெட்ராவையும் 3 கோரியையும் பழைய ஃபில்டரோட ஒரு பெரிய டப்புக்கு மாத்தி தினமும் பாதித் தண்ணி மாத்தினேன், அந்த ஸ்பாஞ்ச்ல ஒட்டியிருந்த பாக்டீரியாதான் காப்பாத்துச்சு. இப்ப தொட்டில வெறும் மணல்தான். நேத்து ராத்திரி லைட் அணைச்சப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், மூணு கோரியும் கண்ணு வரைக்கும் மணல்ல மூக்கைப் புதைச்சு செவுள் வழியா மணலைத் துப்பிட்டு இருந்துச்சுங்க.