ஃபோம் டார்கெட்: அம்பைத் தருகிறது, முனையைத் தர மறுக்கிறது

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். பதில் இரண்டு வரியில் அடங்கவில்லை, அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். பேச்சு அடுக்கு ஃபோம் டார்கெட்டைப் பற்றி, அதாவது அம்பெய்து பழக ஃபோம் தகடுகளை அடுக்கிப் பட்டையால் இறுக்கிக் கட்டிய அந்தச் சதுரக் கட்டை. அளவு, எடை, எத்தனை பவுண்டு வில்லைத் தாங்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். லாங்போ, ரிகர்வ் மாதிரிப் பழைய பாணி வில் வைத்து மர அம்பு எய்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருகி மாட்டும் முனையோடு கார்பன் அம்பு எய்கிறவர்கள் என் புலம்பலில் பாதியைத் தாண்டிப் போகலாம்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். சாமான் உழைக்கிறது. மழையில் கிடந்தது, வெயிலில் கிடந்தது, இன்னும் அம்பை நிறுத்துகிறது. நடுப்பகுதி இளகி அம்பு ஆழமாக இறங்க ஆரம்பித்தால் பட்டையை இன்னொரு சுற்று இறுக்கலாம், இல்லையென்றால் பக்கத்தைத் திருப்பி வைக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், இதில் பிராட்ஹெட், அதாவது விளிம்பு கூரான வேட்டை முனை, எய்யலாம். வேட்டைக்கு வைத்திருக்கும் முனையை எய்து பார்க்காமல் காட்டுக்குள் போகவே கூடாது என்பது என் கட்சி. 125 கிரெயின் (முனையின் எடை அளவு) ஃபீல்டு பாயிண்டும், அதாவது பழக்கத்துக்கான சாதாரண முனையும், 125 கிரெயின் பிராட்ஹெட்டும் தராசில் சமம்தான், ஆனால் பறக்கும்போது சமமில்லை. பிராட்ஹெட்டின் அந்த வெட்டுத் தகடு காற்றைப் பிடித்து, பின்னால் இருக்கும் இறகோடு மல்லுக்கு நிற்கும். தண்டின் ஸ்பைன், அதாவது விறைப்பு, வில்லுக்குப் பொருந்தவில்லை என்றாலோ, முனை ஒரு மயிரிழை கோணலாக ஒட்டியிருந்தாலோ, ஃபீல்டு பாயிண்ட் மறைத்துவிடும் குறையை பிராட்ஹெட் அப்பட்டமாகக் காட்டிவிடும். அதைப் பார்க்க ஃபோம் வேண்டும். பழைய துணி அடைத்த மூட்டையில் பிராட்ஹெட்டை எய்தால் விளிம்பு துணியை அறுத்துக்கொண்டு போய் உள்ளே சிக்கிக்கொள்ளும், மூட்டையும் கிழியும்.

சரி, இப்போது வயிற்றெரிச்சல்.

இந்தக் கட்டை அம்பை நிறுத்துவது உராய்வால். தகடுகள் தண்டை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கின்றன, அம்பின் வேகம் அப்படியே சூடாக மாறுகிறது. மர அம்பில் முனையைப் பிடித்து வைத்திருப்பதோ ஹாட் மெல்ட் பசை, சூடு பட்டால் இளகுவதுதான் அதன் பிறவிக் குணம். அப்புறம் என்ன, எய்கிறீர்கள், போய்ப் பிடித்து இழுக்கிறீர்கள், எலும்பைக் கவ்விய நாய் மாதிரி கட்டை விட மறுக்கிறது, ஒரு காலை டார்கெட்டில் ஊன்றி இன்னும் பலமாக இழுத்தால் 'சளக்' என்று தண்டு மட்டும் கையோடு வருகிறது, முனை உள்ளேயே தங்கிவிடுகிறது. குளிர் நாளில் வேறு விதமான கூத்து. பசை விறைத்துப்போய், அடிபட்ட அதிர்ச்சியிலேயே விட்டுவிடும்.

முனை போனால் போகட்டும், அது சின்னச் செலவு. உள்ளே ஒளிந்திருக்கும் அந்த இரும்புத் துண்டின் மேல் அடுத்த அம்பு போய் மோதுவதுதான் கொடுமை. ஒரு மர அம்பு சும்மா வந்துவிடுவதில்லை. ஸ்பைனும் எடையும் ஒத்த தண்டுகளாகப் பொறுக்கி, வளைவை நீவி எடுத்து, முனைப் பக்கம் 5 டிகிரி, நாக் (நாணில் மாட்டும் பிளவு) பக்கம் 11 டிகிரி கூம்பு சீவி, வார்னிஷ் காயக் காத்திருந்து, மூன்று இறகையும் ஒரே பக்கச் சிறகிலிருந்து தேர்ந்து ஒட்டி முடித்த அம்பு, முன்பக்கம் விண்டுபோய்க் கையில் வந்தால் வாயில் நல்ல வார்த்தையா வரும்?

பசையை மாற்று என்பார்கள். எபாக்ஸி போட்டால் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிறகு முனையைக் கழற்றி பிராட்ஹெட் மாட்ட வேண்டுமென்றால் மரம் கருகும் அளவுக்குச் சூடு காட்ட வேண்டியிருக்கும். அதனால் நான் ஹாட் மெல்ட்டிலேயே இருக்கிறேன், வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்கிறேன். முனையின் உட்புறத்தில் கடைசல் எண்ணெய் இருக்கும், அதை ஸ்பிரிட்டால் துடைத்து உள்ளே கொஞ்சம் கீறிவிட வேண்டும். கூம்பில் வார்னிஷ் ஏறியிருந்தால் சுரண்டிவிட வேண்டும். சூடு காட்டுவது முனைக்கு, மரத்துக்கு அல்ல. பசை தடவிச் சுழற்றி அழுத்தி, உடனே தண்ணீரில் முக்கி எடுத்து, நகத்தின் மேல் நிறுத்திச் சுற்றிப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். முக்கியமான இன்னொன்று: முனையின் அடிவிளிம்பு தண்டை விடப் பருமனாகத் துருத்திக்கொண்டிருந்தால் இழுக்கும்போது ஃபோம் அந்த விளிம்பைத்தான் பிடித்துக்கொள்ளும். தண்டின் அளவுக்குச் சரியான முனையாக வாங்குங்கள். எய்வதற்கு முன் தண்டின் முன்பகுதியில் காய்ந்த சோப்பைத் தேய்த்தால் இழுப்பது பாதி சுலபம். இத்தனையும் செய்தும் அவ்வப்போது ஒன்று மாட்டும், அப்போது பட்டையைத் தளர்த்தி அடுக்கை விரித்துத் தேட வேண்டியதுதான்.

ஆக, நல்ல சாமான், நீடித்து உழைக்கிறது, பிராட்ஹெட்டுக்கு இதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. இருந்தாலும் வாங்காதீர்கள் என்றுதான் நண்பரிடம் சொல்லப் போகிறேன். நேற்றுத்தான் ஒரு அம்பு விண்டது, நாளைக்குக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. பிராட்ஹெட் சோதிக்க வேண்டுமா, என்னுடையதில் வந்து எய்துகொள்ளட்டும்.

அன்றாடப் பழக்கத்துக்குப் பழைய துணி அடைத்த சாக்கு போதும். இரண்டு விரலால் அம்பை உருவலாம், முனையும் கூடவே வரும். நாளாக ஆகத் துணி கீழே அமுங்கி மேல்பக்கம் வெற்றாகிவிடும், அங்கே பட்ட அம்பு நேராக வெளியே போய் இறகைப் பிய்த்துக்கொள்ளும். அதனால் மிதித்து மிதித்து அடைத்து, மாதத்துக்கு ஒருமுறை இன்னும் கொஞ்சம் துணி திணியுங்கள். நனையாமல் வைத்திருங்கள், நனைந்தால் நாறும், தூக்கவும் முடியாது. பட்டன், ஜிப், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்த பிறகே உள்ளே போடுங்கள், ஜீன்ஸ் பித்தளைப் பட்டனை மட்டும் இரண்டு தடவை தேடிப் பாருங்கள்.