இல்யானாவும் டார்க்சைல்டும்: மறுவாசிப்பில் எது நிற்கிறது?

மார்வெல் காமிக்ஸின் மேஜிக், அதாவது இல்யானா ரஸ்புடினா, ஒரே மூச்சில் படித்து முடிக்கிற பாத்திரம் அல்ல. அவளுடைய கதை பல தலைப்புகளில், பல எழுத்தாளர்கள் கையில் சிதறிக் கிடக்கிறது. முதல் சுற்றில் கொம்பும் குளம்புமாக அவளுடைய இருண்ட பேய் வடிவமான டார்க்சைல்ட் வருகிற பக்கங்கள்தான் கண்ணைப் பறிக்கும். இரண்டாம், மூன்றாம் சுற்றில் அவை மங்கிவிடும். அவள் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் படரும் வெள்ளிக் கவசம்தான் மனதில் தங்கும்.

தொடங்க வேண்டியது 1982இல் வந்த அன்கேனி எக்ஸ்-மென் 160ஆம் இதழ். லிம்போ என்ற பேய் உலகத்திலிருந்து இல்யானாவை வெளியே இழுக்கும்போது எக்ஸ்-மென் குழுவின் கிட்டி ப்ரைடின் பிடி ஒரு கணம் நழுவுகிறது. மறுபடி இழுத்தால், சிறு குழந்தையாக உள்ளே போனவள் பதின்மூன்று வயதுப் பெண்ணாக வெளியே வருகிறாள். லிம்போவில் அவளுக்குக் கழிந்த அந்த ஏழு ஆண்டுகளைத்தான் 1983 டிசம்பரில் தொடங்கிய மேஜிக் குறுந்தொடர் நான்கு இதழ்களில் சொல்கிறது. 160ஐத் தாண்டிக்கொண்டு நேரே இதற்குப் போனால், அதில் வரும் முதிய ஓரோரோ (எக்ஸ்-மெனின் ஸ்டார்ம்) யார், அவள் ஏன் லிம்போவில் இருக்கிறாள் என்று விழிக்க வேண்டியதுதான்.

குறுந்தொடரின் உயிர் சண்டையில் இல்லை. ஓரோரோ வெறுங்கையிலிருந்து ஓர் ஓக் கொட்டையை உருவாக்கக் கற்றுத்தருகிறாள். உயிரைப் படைக்கும் வித்தை அது. இல்யானா கடைசியில் தன் ஆன்மாவிலிருந்து வடித்தெடுப்பதோ ஒரு வாள். அதைக் கொண்டு லிம்போவின் அதிபதி பெலாஸ்கோவை வீழ்த்தும்போது அவளுக்கே கொம்பு முளைக்கிறது. கொல்லப்போகிற நேரத்தில், தான் அவனாகவே மாறிக்கொண்டிருப்பது தெரிந்து கையை நிறுத்துகிறாள். இருண்ட தன்னை அவள் எதிர்கொள்ளும் காட்சிகளில் இன்றுவரை இதை மிஞ்சியது இல்லை என்பேன்.

பலர் செய்யும் தவறு, இங்கிருந்து ஒரே தாவாக, பல தலைப்புகளில் ஓடும் இன்ஃபெர்னோ கதைக்குப் போவது. அதில், 1989இல் வந்த நியூ மியூட்டன்ட்ஸ் (அவள் சேர்ந்த இளம் குழுவின் தொடர்) 71 முதல் 73 வரையிலான மூன்று இதழ்களில் இல்யானாவின் பங்கு முடிந்துவிடும். அவளுக்காக மட்டும் படிப்பவர்கள் மற்ற தலைப்புகளில் ஓடும் கிளைகளை விட்டுவிடலாம். ஆனால் இடைப்பட்ட நியூ மியூட்டன்ட்ஸ் இதழ்களை விடக்கூடாது. வாளை எடுக்க எடுக்கக் கவசம் கூடுதலாக மூடுகிறது என்பதை அங்கேதான் மெல்ல மெல்லக் காட்டுகிறார்கள். அதைப் பார்க்காதவருக்கு, 73இல் வெற்றுக் கவசத்துக்குள் பழைய குழந்தை இல்யானா கிடைப்பது வெறும் தந்திரமாகத் தெரியும்.

1993இல், அன்கேனி 303இல், அந்தக் குழந்தை, மியூட்டன்ட்களைக் கொல்லும் லெகசி வைரஸால் இறக்கிறது. பிறகு 2007இல் நியூ எக்ஸ்-மென் 37 முதல் 41 வரை டார்க்சைல்ட் மட்டும் ஆன்மா இல்லாமல் திரும்பி வருகிறாள். பிக்ஸி என்ற இளம் மியூட்டன்ட்டின் ஆன்மாவில் ஒரு துண்டை அறுத்தெடுப்பது இந்தக் கதையில்தான். ஸ்காட்டி யங்கின் கோணல்மாணல் படங்கள் எல்லோருக்கும் பிடிக்காது. இந்தக் கதைக்குப் பொருந்துகின்றன. அடுத்து 2009இல் தொடங்கிய ஸெப் வெல்ஸின் நியூ மியூட்டன்ட்ஸில், தன் ஆன்மாவை மீட்க நண்பர்களையே பகடையாக்குகிறாள். ஆன்ட்டி-ஹீரோ என்ற சொல் அவளுக்கு முழுசாகப் பொருந்துவது இங்கேதான்.

பின்னர் வந்த இன்னொரு நியூ மியூட்டன்ட்ஸ் தொடரில், 2022இல் வந்த 25 முதல் 28 வரையிலான இதழ்களில், தன் கையிலிருந்த லிம்போவின் அரியணையை, இன்ஃபெர்னோவில் எதிரியாக வந்த மேடலின் ப்ரையருக்குக் கொடுத்துவிடுகிறாள். 2025இல் ஆஷ்லி ஆலன் தொடங்கிய தனித்தொடரில் டார்க்சைல்டோடு நேருக்கு நேர் பேச்சே நடக்கிறது. பழையதைப் படிக்காமலும் இது புரியும். ஆனால் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவதால், மறுவாசிப்பில் கண்டெடுக்க அதிகம் மிஞ்சுவதில்லை.

எதில் படிப்பது? பழைய இதழ்களை எழுதிய கிளேர்மாண்டின் வசனப் பெட்டிகள் நெருக்கமானவை; போன் திரையில் கண் வலிக்கும், பத்து அங்குல டேப்லெட் வேண்டும். மார்வெலின் சந்தா ஆப்பான மார்வெல் அன்லிமிட்டடில் கட்டம் கட்டமாக நகர்த்தும் வசதி இருக்கிறது. பில் ஷின்கேவிச் வரைந்த, பழைய நியூ மியூட்டன்ட்ஸின் 18 முதல் 31 வரையிலான இதழ்களுக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். அவர் பக்கத்தை முழுப் பக்கமாக நினைத்து வரைபவர், துண்டாக்கினால் கெட்டுவிடும். தாளில் வேண்டுமென்றால் நியூ மியூட்டன்ட்ஸ் முதல் ஆம்னிபஸில் (பல இதழ்களைச் சேர்த்த பெரிய தொகுப்பு) மேஜிக் குறுந்தொடரும் சேர்ந்தே இருக்கிறது. கனமான புத்தகம், மேசையில் வைத்துத்தான் படிக்க முடியும். பழைய அச்சுத்தாளுக்குப் போட்ட நிறங்கள் பளபளப்புத் தாளில் கொஞ்சம் கத்தும். லிம்போவின் சிவப்பில் இது நன்றாகத் தெரியும்.

தேடும்போது ஒன்று: டார்க்சைல்டின் ஆங்கில எழுத்துக்கூட்டு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பெயரை விட இதழ் எண்ணைப் போட்டுத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.