காஸ்ட்ரிக் மருந்துகள்: எதை எப்போது குடித்தால் கேட்கும்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் எந்தப் பார்மசிக்குள் நுழைந்தாலும் காஸ்ட்ரிக் மருந்துக்கென்று ஒரு தட்டு முழுக்க இருக்கும். அதில் நீண்ட நாள் பயன்பாட்டுக்கு நான் முதலிடம் கொடுப்பது கேவிஸ்கான் மாதிரியான ஆல்ஜினேட் திரவங்களுக்கு. "மாசக்கணக்கா குடிக்கிறேன், கேட்கவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்பவர்களை விசாரித்துப் பாருங்கள். பலரும் சாப்பாட்டுக்கு முன்னால் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், வயிற்று அமிலம் பட்டதும் கூழாகக் கெட்டிப்படும். கூடவே இருக்கும் சோடியம் பைகார்பனேட் விடும் குமிழிகள் அந்தக் கூழுக்குள் மாட்டிக்கொண்டு, அதைச் சோற்றுக்கு மேலே மிதக்க வைக்கும். எதுக்களித்தாலும் முதலில் மேலே வருவது கூழ்தான், அமிலம் அடியிலேயே அடங்கிவிடும். வெறும் வயிற்றில் குடித்தால் மிதக்க ஒன்றுமில்லை, அரை மணிக்குள் குடலுக்கு இறங்கிவிடும். சாப்பிட்ட பிறகு குடித்தால் நாலு மணி நேரம் வரைகூட நிற்கும்.

பெரியவர்களுக்கு 10 முதல் 20 மில்லி, சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு என்பதால், இருமல் மருந்தோடு வரும் சின்ன அளவுக் கிண்ணத்தைக் கழுவி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போத்தலை நன்றாகக் குலுக்க வேண்டும். இதிலுள்ள கல்சியம் கார்பனேட் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் பாதிப் போத்தல் வரை நீர்த்து வரும், கடைசியில் சுண்ணாம்புக் குழம்புதான். வாய்ப்பகுதியில் வெள்ளையாகக் காய்ந்து நிற்பதை அவ்வப்போது துடைத்துவிடாவிட்டால் மூடி சரியாக உட்காராது. ஐஸ்பெட்டியில் வைக்கக்கூடாது, வெயிலில் நிற்கும் காரிலும் விடக்கூடாது. குடித்த கையோடு தே தாரிக்கோ ஒரு மக் தண்ணீரோ குடித்தால் மேலே மிதக்கும் கூழ் கலைந்துவிடும்.

ஈனோவின் வேலையே வேறு. நாசி கண்டார் வயிறு முட்டச் சாப்பிட்டு ஏப்பம் வராமல் தவிக்கும்போது சில நிமிடத்தில் இறக்கிவிடும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவருக்குச் சில சமயம் எதிர்வினைதான்: பொங்கும் வாயு ஏப்பமாக வரும்போது அமிலத்தையும் மேலே இழுத்து வரும். 5 கிராம் பொட்டலத்தில் சோடியம் மட்டும் 850 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிற்கச் சொல்கிறது. இரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைத்துக்கொண்டு, ராத்திரிதோறும் ஈனோ குடிப்பதில் அர்த்தமே இல்லை. கேவிஸ்கானிலும் சோடியம் உண்டு, ஆனால் 10 மில்லிக்கு 140 மில்லிகிராம் அளவுதான்.

மென்று தின்னும் மாத்திரைகளை வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். அலுமினியமும் கல்சியமும் மலச்சிக்கல் தரும், மெக்னீசியம் வயிற்றைக் கழற்றும். இரண்டையும் கலந்து வருவது இதைச் சமன்படுத்தத்தான். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இவற்றோடு நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இரும்புச் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம். இல்லாவிட்டால் அந்த மருந்து உடம்பில் சேராமலே போய்விடும். பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கிறதா பாருங்கள். பதிவு எண் 'டி' என்று முடிந்தால் அது பாரம்பரிய மருந்து, 'எக்ஸ்' என்று முடிந்தால் சீட்டில்லாமல் விற்கக்கூடிய நவீன மருந்து.

சீக்கிரம் கேட்க வேண்டும் என்றால், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஃபமோடிடின் மாத்திரை சரிப்படாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் வேலையைத் தொடங்கும், பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். விருந்துக்குப் போகும் முன் போட ஏற்றது. தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகி வேகம் குறையும். அலமாரியில் இதே வகையான பழைய ரானிடிடின் மாத்திரை அட்டை கிடந்தால் தூக்கிப் போடுங்கள். என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் அபாயமுள்ள மாசு இருப்பது தெரிந்ததால், 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்து ஆணையம் அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது.

அமிலச் சுரப்பையே அடக்கும் ஒமிப்ரசோல்தான் ரொம்பத் தவறாகப் பயன்படுவது. எரிச்சல் வந்த பிறகு போட்டால் ஒன்றும் நடக்காது. அமிலம் சுரக்கும் பம்புகள் வேலை செய்யும்போதுதான் அது பிடிக்கும். அதனால் காலையில் பசியாறுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன் போட வேண்டும். முழுப் பலன் தெரிய ஒன்று முதல் நாலு நாள் ஆகும். கேப்சூலுக்குள் இருக்கும் மணிகளை மெல்லவோ பொடிக்கவோ கூடாது, அந்தப் பூச்சு போனால் வயிற்று அமிலமே மருந்தை அழித்துவிடும். டாக்டரைப் பார்க்காமல் 14 நாளுக்கு மேல் தொடராதீர்கள். மாதக்கணக்கில் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரந்து, 'மருந்தில்லாமல் முடியவில்லை' என்று திரும்பவும் போட வைக்கும். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோகிரல் எடுக்கும் இருதய நோயாளிகளுக்கு ஒமிப்ரசோல் ஆகாது.

மூட்டுவலிக்குப் பொன்ஸ்டானோ வோல்டரனோ போட்டுக்கொண்டே காஸ்ட்ரிக் மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் நிறைய. வயிற்றுச் சவ்வைக் காக்கும் சுரப்பையே அந்த வலி மருந்துகள் அடக்குகின்றன. முதலில் அவற்றைப் பற்றிப் பார்மசிஸ்டிடம் சொல்லுங்கள்.

ராத்திரித் தொல்லைக்குத் தலையணையை அடுக்குவது வீண். இடுப்பு மடங்கி வயிறு அமுங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் கட்டை வைத்து, இடப்பக்கமாகப் படுக்கலாம். மாமாக் கடைச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

நெஞ்சு இறுக்கம் கையிலோ தாடையிலோ பரவி வியர்த்தால், காஸ்ட்ரிக் என்று காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் அஜீரணம்போலவே வரலாம். கறுத்த மலம், விழுங்கத் தடை, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றுக்கும் கடை மருந்து கூடாது.

தொல்லை திரும்பத் திரும்ப வந்தால், வயிற்றில் தங்கும் எச்.பைலோரி கிருமிக்கான பரிசோதனை கேளுங்கள். இந்தக் கிருமி மலேசியாவில் மலாய்க்காரரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் கூடுதல். மூச்சுப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே ஒமிப்ரசோலை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். அந்த இடைவெளியில் நெஞ்சு எரிந்தால் ஆல்ஜினேட் போதும். கடைசியாக எப்போது குடிக்கலாம் என்பதை மட்டும் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.