அல்சூர் சிறுதானிய மெஸ்: களி சாப்பிடுங்க, குக்கீஸ விட்டுடுங்க

பெங்களூர் அல்சூர் சோமேஸ்வரர் கோவில்ல இருந்து ரெண்டு சந்து தள்ளி ஒரு சிறுதானிய மெஸ் இருக்கு, கிருஷ்ணகிரி பக்கத்துக் குடும்பம் நடத்துறாங்க, முன்னாடி நாலஞ்சு டேபிள், பக்கத்து ரூம்ல பாக்கெட் ஐட்டம் விக்கிற கடை. மெட்ரோல இறங்கி நடந்தே வந்துடலாம். ரெண்டும் ஒரே ஓனர்தான், ஆனா என்னக் கேட்டா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல, அதான் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

முதல்ல ராகிக் களி. மதியம் 12 மணிக்கு மேல போனா சூடா ரெண்டு உருண்டை, கீரைக் கடைசல், கொள்ளு ரசம், 90 ரூபா. ஓனரோட அம்மா துடுப்பு வச்சு நின்னுக்கிட்டே கிண்டுறாங்க, எங்கயும் கட்டி தட்டல, மாவு வாசனை இல்ல, கையில ஒட்டல. மெல்லாம அப்படியே ரசத்துல தோச்சு முழுங்கணும், பழக்கம் இல்லாதவங்க பக்கத்துல சாப்பிடறவங்களப் பாத்துக் கத்துக்கலாம். பெங்களூர்ல முத்தே, அதாவது கன்னடத்துல இதே ராகிக் களி, கிடைக்கிற கடைக்குப் பஞ்சமில்ல, ஆனா இந்தக் கொள்ளு ரசம் வேற எங்கயும் எனக்கு அமையல, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு கொள்ளு வேகவச்ச தண்ணிய நல்லா கெட்டியா விடறாங்க.

செவுத்துல பெருசா "10,000 வருஷமா நம்ம மண்ணின் ராகி"ன்னு எழுதி வச்சிருக்காங்க. இது சரியில்ல. ராகி முதல்ல பயிரானது எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலத்துல, அங்கேருந்து கடல் தாண்டி இங்க வந்தது. கம்பும் அப்படித்தான், சஹாராவுக்குத் தெற்க, மாலி நாட்டுல சுமார் 4500 வருஷம் பழைய தடயம் கிடைச்சிருக்கு. சோளம் சூடான் பக்கம், தினை வட சீனா. அப்ப நம்ம ஊர்லயே காட்டுச் செடியா இருந்து பயிரானது எதுன்னா சாமை, வரகு, பச்சைப்பயறு, அப்புறம் அந்த ரசத்துல இருக்கற கொள்ளு! இதே கர்நாடகால பல்லாரி பக்கத்துல சங்கனகல்லுல தோண்டினப்ப கருகிப்போன கொள்ளும் பச்சைப்பயறும் சின்னச் சின்ன தானியமும் கிடைச்சுது, 3500 வருஷத்துக்கும் மேல பழசு. அதாவது தட்டுல நடுவுல உக்காந்திருக்கற களியவிட ஓரத்துல கிண்ணத்துல இருக்கறதுதான் இந்த மண்ணுக்கு மூத்தது. ஓனர்கிட்ட சொன்னேன், "அண்ணே, செவுத்துல கொள்ளப் பத்தி எழுதுங்க, அதுதான் நிஜமான பெருமை"ன்னு. சிரிச்சாரு, "நல்லாருக்கு சார், அடுத்த தடவ பெயிண்ட் அடிக்கறப்ப பாக்கலாம்"னாரு.

இதனால ராகி நம்மளுது இல்லன்னு அர்த்தம் இல்ல. காட்டுப்புல்லு பழுத்ததும் விதைய உதுத்துடும், அப்பத்தான் அது மறுபடி முளைக்கும், மனுஷன் அறுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தது உதிராம நின்ன கதிரத்தான், அதையே திரும்பத் திரும்ப விதைச்சு விதைச்சு கடைசியில நாம இல்லாம பரவ முடியாத பயிராயிடுச்சு. அந்த வேலை இன்னும் நிக்கல. மண்டியா பக்கம் லட்சுமணய்யான்னு ஒரு விஞ்ஞானி நம்ம ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேத்து இண்டாஃப் ரகங்களக் கொண்டு வந்தாரு, கர்நாடகால விளைச்சல் ஏறினதுல அவருக்குப் பெரிய பங்கு. இவ்ளோ பேர் கை பட்டு வந்த தானியத்துக்கு பொய்யா ஒரு வயசு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

இப்ப பக்கத்து ரூமுக்கு வரேன். 2023ஐ ஐநா சிறுதானிய ஆண்டா அறிவிச்சதுக்கு அப்புறம் எல்லாக் கடையிலயும் வந்து குவிஞ்ச அதே சரக்குதான் இங்கயும், மில்லட் குக்கீஸ், மில்லட் நூடுல்ஸ், சாக்லேட் ராகி பால்ஸ். பாக்கெட்டத் திருப்பிப் பாருங்க, எது அதிகமா இருக்கோ அதத்தான் முதல்ல போடணும்னு சட்டம். குக்கீஸ்ல மைதா முதல்ல, சர்க்கரை ரெண்டாவது, பாமாயில் மூணாவது, ராகி அதுக்கும் கீழ. முன்பக்கம் "முன்னோர் உணவு"ன்னு போட்டு ஒரு தாத்தா படம் வேற. சுகர் இருக்கறவங்க, குழந்தைக்கு நல்லதுன்னு நம்புற அம்மாக்கள், இவங்கதான் இத வாங்கிட்டுப் போறாங்க, எனக்கு நிஜமாவே கோவம் வந்தது.

ரேக்ல இருக்கற சாமையும் வரகும் கூட பச்சரிசி மாதிரி வெள்ளையா இருக்கு. ராகிக்கு இந்தப் பிரச்சனை இல்ல, தவிட்டோடதான் மாவாகும். ஆனா சாமை, வரகு, குதிரைவாலிக்கெல்லாம் மேல கெட்டியா உமி இருக்கு, அத எடுக்காம சாப்பிட முடியாது, அந்தக் காலத்துல உரல்ல போட்டு பொம்பளைங்க மணிக்கணக்கா குத்தினாங்க, ரேஷன் அரிசி வந்ததும் ஏன் எல்லாரும் அதுக்கு மாறினாங்கன்னு இதுலயே புரியும், அவங்களக் குத்தம் சொல்லவே கூடாது. இப்ப மிஷின் வந்தாச்சு, உமியோட நிறுத்தாம தவிட்டையும் சேத்துத் தீட்டிடறாங்க. அப்படி தீட்டினத கிலோ 180 ரூபா குடுத்து வாங்கறதுக்கு எனக்கு மனசு வரல.

சுகருக்கு ராகி நல்லதுன்னு சர்வ் பண்ற தம்பி எல்லார்கிட்டயும் சொல்றான். களியும் மாவுச்சத்துதான், நைசா அரைச்ச மாவக் கஞ்சியாக் காய்ச்சிக் குடிச்சா சீக்கிரமே ரத்தத்துல சர்க்கரையா ஏறும். ரெண்டு உருண்டை தின்னுட்டு வயல்ல சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சு வேலை செஞ்சவங்க கணக்கு வேற, ஏசி ஆபீஸ்ல உக்காரற நம்ம கணக்கு வேற. நான் ஒரு உருண்டையோட நிறுத்திட்டு கீரையும் கொள்ளும் ரெண்டாவது தடவ வாங்கிக்கறேன், கேட்டா முகம் சுளிக்காம வைக்கறாங்க. 100 கிராம் ராகில சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, அரிசியில பேருக்குத்தான் இருக்கும், அதுக்காகவே ஒரு உருண்டை கட்டாயம் உண்டு.

கோடை மாசங்கள்ல காலைல கம்மங்கூழும் போடறாங்க, ராத்திரியே கரைச்சுப் புளிக்க வச்சது, மோரும் சின்ன வெங்காயமும் சேத்து, 40 ரூபா. புளிக்க வச்சா தானியத்துல இருக்கற இரும்பு, துத்தநாகச் சத்து உடம்புல நல்லா சேரும், அத வீட்ல செய்ய நேரமில்லாதவங்களுக்கு இந்த ஒரு சொம்பு போதும். மெனுல இருக்கற மில்லட் பீட்சா பக்கம் போக வேணாம், அடியில ரப்பர் மாதிரி இழுக்குது.

ஞாயித்துக்கிழமை லீவு. ஒன்றரைக்கு மேல போனா களி தீந்துடும். சாமை வேணும்னா ரேக்ல எடுக்காதீங்க, உள்ள அந்த அம்மாகிட்ட "உமி மட்டும் எடுத்தது இருக்கா அம்மா"ன்னு கேளுங்க, ஊர்ல இருந்து வந்தது அரைக் கிலோ பையில வச்சிருப்பாங்க, நிறம் கொஞ்சம் மங்கலா இருக்கும். தவிட்டுல எண்ணெய் இருக்கறதால சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும், அதனால ஒரு மாசத்துக்கு மேல சேத்து வாங்க வேணாம்.