வடசேரி சலூன்: முடிவெட்டும் ஓட்டுக் கணக்கும்

நாகர்கோவில் வடசேரியில் கனகமூலம் சந்தைக்குப் பின்னால் போகும் தெருவில் ஒரு சலூன் இருக்கிறது. இரண்டு நாற்காலி, சுவரோரம் ஒரு நீள பெஞ்சு, அதன் மேல் மூன்று பேப்பர். காலையில் முடிவெட்ட வருகிறவர்களைவிடப் பேப்பர் படிக்க வருகிறவர்கள்தான் அதிகம். "இங்கு அரசியல் பேசாதீர்" என்ற பலகை இந்தக் கடையில் கிடையாது. யாராவது சாதியை இழுத்தால் மட்டும் கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். பேச்சு உடனே வேறு பக்கம் போய்விடும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். முடி சுத்தமாக வெட்டுவார். காதுக்குப் பின்னால் மெஷின் ஓட்டாமல் கத்தியால்தான் ஒதுக்குவார். பிளேடை நம் கண் முன்னாலேயே உறையிலிருந்து எடுத்து, பாதியாக ஒடித்துத்தான் மாட்டுவார். முடிவெட்ட 150, சேவிங் 80. இந்தப் பகுதிக்கு நியாயமான ரேட்.

அப்புறம் பெஞ்சு. நான் மார்த்தாண்டத்துக்காரன், வேலைக்காக நாகர்கோவிலில் இருக்கிறேன். எங்கள் விளவங்கோட்டில் சட்டமன்றத்துக்கு ஒன்று காங்கிரஸ், இல்லையென்றால் மார்க்சிஸ்ட் என்று பார்த்தே வளர்ந்தேன். அதனால் நாகர்கோவில்காரர்கள் எந்தக் கணக்கில் ஓட்டுப் போடுகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. இந்த பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

அங்கே தினமும் வருகிற ஒழுகினசேரிப் பெரியவர் ஒருவர், ரிட்டயர்டு வாத்தியார். நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த நேசமணி இறந்தபின் 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராஜருக்குத்தான் முதல் ஓட்டுப் போட்டாராம். "விருதுநகர் அவரைத் தோக்கடிச்சுது தம்பி, நாங்க டெல்லிக்கு அனுப்பி வச்சோம்" என்று சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிரும். அவர் மகன் பாஜக, மருமகள் காங்கிரஸ். எல்லோருக்கும் சாப்பாடு ஒரே அடுப்பில்தான்.

எம்.பி. தேர்தல் கணக்கைப் பாருங்கள் (தொகுதியின் பெயர் முன்பு நாகர்கோவில், 2009 முதல் கன்னியாகுமரி): 1999-இல் பாஜக, 2004-இல் மார்க்சிஸ்ட், 2009-இல் திமுக, 2014-இல் மறுபடி பாஜக, 2019-இல் காங்கிரஸ். ஐந்து தேர்தலில் நான்கு கட்சிக்கு எம்.பி. பதவி கொடுத்த தொகுதி இது. 2014-இல் தமிழ்நாட்டில் 37 இடங்களை அள்ளிய அதிமுகவால் இங்கே வரமுடியவில்லை. 2016-இல் அதே கட்சி ஆட்சியைத் தக்கவைத்தபோது, மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திமுக, காங்கிரஸ் கைக்குப் போயின. காற்று அடிக்கிற பக்கம் சாய்கிற ஊர் இது என்று வெளியூர்க்காரர்கள் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்த ஊர் காற்றுக்கு எதிராகவும் நின்றிருக்கிறது.

கடைக்காரருக்குப் பிடித்த கதை 2021. ஏப்ரல் 6-ஆம் தேதி ஒரே நாளில் சட்டமன்றத்துக்கும், வசந்தகுமார் மறைவால் வந்த எம்.பி. இடைத்தேர்தலுக்கும் வாக்குப்பதிவு. நாகர்கோவில் எம்.எல்.ஏ. ஆனவர் பாஜகவின் எம்.ஆர். காந்தி, பல முறை தோற்றவர், காலில் செருப்புப் போடாமல் நடப்பவர். கன்னியாகுமரி எம்.பி. ஆனவர் காங்கிரஸின் விஜய் வசந்த். அடுத்த பிப்ரவரியில் மாநகராட்சியின் முதல் தேர்தல். மேயர் நாற்காலி திமுகவுக்கு. அதுவும் 52 கவுன்சிலர்களில் 28-க்கு 24 என்ற கணக்கில். "நாலே ஓட்டு, அண்ணாச்சி!" என்று சீப்பால் நாற்காலிக் கையில் தட்டுவார். அந்த நேரம் தலையை அசைக்காமல் இருப்பது நமக்கு நல்லது.

பாலம் கட்டிக் கொடுத்தவர் ஏன் தோற்றார் என்ற கேள்வி அடிக்கடி வரும். மார்த்தாண்டம் பாலமும் பார்வதிபுரம் பாலமும் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் மத்திய அமைச்சராக இருந்த காலத்து வேலை. ஆனால் அதே காலத்தில்தான் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது, கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. இனயத்தில் கட்டத் திட்டமிட்ட துறைமுகத்துக்கு எதிராகக் கடற்கரை ஊர்கள் போராடிக்கொண்டிருந்தன. 2014-இல் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தவர், 2019-இல் இரண்டரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். கோட்டாறிலிருந்து மீன் வியாபாரத்துக்கு வருகிற ஒருவர் ஒருநாள் இதைச் சொன்னார்: "பாலத்துல நாங்களும்தான் போறோம். ஆனா எங்க வீட்டு ஆளு வரல்லியே." பாஜக அனுதாபிகள் இரண்டு பேர் பக்கத்திலேயே இருந்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. டி.வி. விவாதங்களில் நான் இதுவரை பார்க்காத மரியாதை அது.

இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சம அளவில் வாழும் மாவட்டம், 1982-இல் மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம். இங்கே மதத்தை வைத்தே எல்லா ஓட்டையும் எண்ணிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கடையில் ஒரு காலை நேரம் உட்கார வேண்டும். மதம் கணக்கில் இல்லை என்று சொல்லமாட்டேன், நிச்சயம் இருக்கிறது. ஆனால் டெல்லிக்கு ஒருவர், சென்னைக்கு ஒருவர், தெருச் சாக்கடைக்கு ஒருவர் என்று பிரித்துப் பார்த்துப் போடுகிறவர்களும் இதே பெஞ்சில்தான் இருக்கிறார்கள்.

குறையும் உண்டு. பேச்சு சூடானால் கத்தரி மெதுவாகிவிடும். ஆபீஸ் போகிற அவசரத்தில் போகாதீர்கள். ஃபேன் ஒன்றுதான், அதுவும் நாற்காலிப் பக்கம். ஞாயிறு காலை கூட்டம் தெருவரை நிற்கும், டோக்கன் கிடையாது. குழந்தைகளைக் கூட்டிப் போவதென்றால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள், பெஞ்சு காலியாக இருக்கும். செவ்வாய் லீவு. தேர்தல் முடிவு வருகிற நாளன்று கடை திறந்திருக்கும், ஆனால் முடிவெட்ட மாட்டார்.