பிரிஸ்டில்கோன் பைன் மரங்களும் ஒரு கனமான ட்ரைபாடும்: பல பருவங்களின் பயன்பாட்டு அனுபவம்

கலிஃபோர்னியாவின் கிழக்குப் பகுதியில், சியரா நெவாடா மலைத்தொடருக்கு எதிர்ப்புறம் எழும் ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில் உள்ள, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் பிரிஸ்டில்கோன் பைன் மரங்களைப் படமெடுப்பதற்காகவே ஒரு கார்பன் ஃபைபர் ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி) வாங்கினேன். மூன்று அடுக்குக் கால்கள் கொண்டது, நடுத்தண்டு கிடையாது, கேமராவைப் பொருத்தும் ஹெட்டுடன் சேர்த்து ஏறத்தாழ மூன்று கிலோ எடை. பயணத்துக்கென்று விற்கப்படும் இலகுவான ட்ரைபாடுகளுக்குப் பழகியவர்கள் இந்த எடையைக் கேட்டதுமே தயங்குவார்கள். ஆயினும் அந்த மலைக்கு ஏற்றது இதுதான் என்று, பல பருவங்கள் அதைச் சுமந்து நடந்த பிறகு, உறுதியாகச் சொல்வேன்.

அதற்கான காரணம் அந்த மரங்களின் உடலமைப்பிலேயே இருக்கிறது. அம்மரங்கள் நிற்கும் ஷுல்மன் தோப்பு 3,000 மீட்டருக்குச் சற்று மேலேயும் பேட்ரியார்க் தோப்பு ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மர வளைய ஆய்வாளர் எட்மண்ட் ஷுல்மன் 1957-இல் ஆண்டு வளையங்களைக் கொண்டு வயதைக் கணித்த மெத்தூசலா மரம் முதல் தோப்பில் நிற்கிறது. 4,800 ஆண்டுகளைக் கடந்த அந்த மரத்தைப் பாதுகாப்புக் கருதி வனத்துறை பலகை வைத்துக் காட்டுவதில்லை. இத்தனை வயதான மரங்களில் பெரும்பகுதி உயிரற்ற கட்டையாகிவிட்டிருக்கும். குறுகிய ஒரு பட்டை மட்டும் வேரிலிருந்து முறுக்கிக்கொண்டு மேலேறி, ஒன்றிரண்டு கிளைகளைப் பசுமையாக வைத்திருக்கும். காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் அந்தக் கட்டை அசையாது. நரிவால் போலக் கிளையை ஒட்டி அடர்ந்திருக்கும் குட்டையான ஊசியிலைகள்கூட மெல்லத்தான் நடுங்கும். அசைவது நம் கேமராதான். ஆகவே படத்தின் துல்லியம் முழுவதும் ட்ரைபாடின் பொறுப்பாகிவிடுகிறது.

நூறு மில்லிமீட்டர் லென்ஸில், மாலை வெளிச்சத்தில், கால் நொடி ஷட்டரில் கட்டையின் வரிகளை எடுத்துத் திரையில் முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் இதன் அருமை புரிகிறது. மணலும் பனித்துகள்களும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய அந்தப் பரப்பில் தேன் நிறமும் சாம்பல் நிறமும் மாறி மாறி ஓடும். மென்மையான பகுதி அரிக்கப்பட்டுப் பள்ளமாக, கடினமான பகுதி இழையிழையாகப் புடைத்து நிற்கும். ட்ரைபாட் சிறிது அதிர்ந்தாலும் அந்த இழைகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் பழுப்புப் பூச்சாகிவிடும். அகன்ற கோண லென்ஸில் வானத்தையும் மரத்தையும் சேர்த்து எடுப்பதைவிட, இப்படி நெருங்கி எடுக்கும் படங்களில்தான் மரத்தின் வயது தெரிகிறது என்பது என் எண்ணம்.

காற்றில் ட்ரைபாடை நிறுத்துவதற்குச் சில பழக்கங்கள் படிந்துவிட்டன. ஒரு காலைக் காற்று போகும் திசையில் நீட்டி வைப்பேன். கடைசி அடுக்கை இழுக்காமல், கால்களை அகல விரித்துத் தாழ்வாக நிறுத்துவேன். கேமராவின் தோள்பட்டை வாரைக் கழற்றிவிடுவேன், ஏனென்றால் அது படபடத்தே அதிர்வைக் கொண்டுவரும். பையைக் கொக்கியில் தொங்கவிடுவதாக இருந்தால் அதன் அடிப்பாகம் தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் ஆடும் பை நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

குறை என்று சொன்னால் முதலில் வருவது கால்களின் திருகு பூட்டுகள். அங்குள்ள தரை வெண்மையான டோலமைட் பாறையால் ஆனது. அதன் நுண்தூசி பூட்டின் புரிகளுக்குள் இறங்கி, திருகும்போதெல்லாம் நரநரவென்று அரைக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் பிரித்துத் துடைத்துப் புதிதாகக் கிரீஸ் தடவ வேண்டியிருக்கிறது. அதே டோலமைட் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி மரத்தின் அடிப்பக்க நிழலைத் தெளிவாக்குவது பெரிய உதவி. வெண்தரை சட்டகத்தை நிறைக்கும்போது மட்டும் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதியும் ஒளியின் அளவை, சற்றுக் கூட்ட வேண்டும். பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தைக் கருமையாக்கும் லென்ஸ் வடிகட்டியான போலரைசரைப் பொறுத்தவரை, அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலமாக இருப்பதால், கட்டையின் பளபளப்பைக் குறைக்க மட்டுமே அதைத் திருப்புகிறேன்.

ட்ரைபாடுடன் வந்த இரும்புக் கூர்முனைகளை அங்கே நான் மாட்டுவதில்லை. மண் அரித்துப்போனதால் இம்மரங்களின் வேர்கள் பல இடங்களில் வெளியே தெரிகின்றன, உயிருள்ள வேர் எது, இறந்த வேர் எது என்பது எளிதில் புலப்படாது. கீழே கிடக்கும் கட்டைத் துண்டுகளையும் நகர்த்தக் கூடாது: அவற்றில் பல, நிற்கும் மரங்களைவிடப் பழைமையானவை, பண்டைய காலநிலையை அறிய ஆய்வாளர்கள் அவற்றின் வளையங்களையும் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் பாதங்களுடன், வேர்களை விட்டு விலகி, பாறைத் தளத்தில் ஊன்றினாலே இந்த எடைக்குப் போதுமான பிடிமானம் கிடைத்துவிடுகிறது.